நான்கு கம்பிக்கு நான்கு வாடகையா?

ஒரு மாடு இழுக்க முடியாத வண்டிக்கு இரண்டு மாடு பூட்டுவார்கள். ஒரு ஆள் தூக்க முடியாத மூட்டைக்கு இரண்டு பேர் கை கொடுப்பார்கள். இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

இங்கிலாந்து நாட்டுக் கிராமங்களில் டெலிபோன் கம்பிக்கும் இதையே செய்தார்கள். ஒரு கம்பியில் வந்த இணையம் போதவில்லை. உடனே இன்னொரு கம்பி இழுத்தார்கள். அதுவும் போதாவிட்டால் மூன்றாவது, நான்காவது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இணைப்பாக ஆக்கிக்கொண்டார்கள்.

நல்ல யோசனைதான். கெட்டிக்காரத்தனமான யோசனை.

ஆனால் ஒரு கேள்வி.

இரண்டாவது மாட்டுக்குத் தீனி போட வேண்டியவன் யார்? வண்டிக்காரனா? அல்லது, கூலி கொடுத்து வண்டியில் ஏறியவனா?

வண்டிக்காரன்தான் என்று சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனால் டெலிபோன் கம்பி விஷயத்தில் அந்தச் செலவு, வண்டியில் ஏறியவன் தலையில்தான் விழுந்தது. இது நியாயமா என்று பார்க்க வேண்டும்.

ஊர்க் கோடியில் ஒரு வீடு

மலைச்சரிவில் ஒரு பண்ணை வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தூரம். மரக்கம்பங்கள் மீது கம்பி வளைந்து வளைந்து வருகிறது.

அந்த வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அப்பா மாடு வளர்க்கிறார். பசு கன்று போட்டால் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். இணையம் இருந்தால் வீட்டிலிருந்தே பதியலாம். அம்மா பாலாடைக்கட்டி செய்து விற்கிறார். வெளியூர்க்காரர்கள் இணையம் வழியாக ஆர்டர் கொடுக்கிறார்கள்.

2015-ம் ஆண்டில் இங்கிலாந்து விவசாயிகளிடம் மானிய விண்ணப்பங்களை இணையம் வழியாகவே வாங்குவது என்று அரசாங்கம் ஏற்பாடு செய்தது. அது சரியாக வேலை செய்யவில்லை. அந்த ஆண்டே காகிதப் படிவத்துக்குத் திரும்ப நேர்ந்தது. ஆனாலும், அரசாங்கக் காரியங்கள் ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போவது நிற்கவில்லை.

பிறகு 2020-ம் ஆண்டு வந்தது. கொரோனா நோய் பரவியது. மார்ச் 20-ந் தேதியோடு, இங்கிலாந்தில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு மூடியது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பாடம் படிக்கச் சொன்னார்கள்.

பட்டணத்துப் பிள்ளைகள் படித்தார்கள். ஊர்க் கோடிப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அக்காள் பாடம் கேட்டால் தம்பியின் பாடம் நின்றுவிடும். ஆசிரியை வாயைத் திறந்தபடி படத்தில் உறைந்து நிற்பார். குரல் விட்டு விட்டு வரும். அந்த நேரத்தில் அப்பா மாட்டுக் கணக்கைத் திறந்தால் இரண்டு பேருக்கும் பாடம் போய்விடும்.

எல்லாம் அந்த ஒரு கம்பியை நம்பி இருந்ததால் வந்த கஷ்டம்.

தூரம் செய்கிற கோளாறு

வீட்டுக்கு வரும் டெலிபோன் இணைப்பு என்பது முறுக்கிய ஒரு ஜோடிக் கம்பி. பெரும்பாலும் செம்பு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் செம்பு விலை ஏறியபோது, சில இடங்களில் அலுமினியக் கம்பியும் போட்டார்கள். இணையத்துக்கு அது இன்னும் மோசம்.

இந்தக் கம்பியைப் போட்டபோது இணையம் என்ற பேச்சே கிடையாது. மனிதக் குரலைக் கொண்டுபோவதற்காகத்தான் போட்டார்கள். குரலுக்கு அதிக இடம் வேண்டியதில்லை. வினாடிக்குச் சுமார் 4 ஆயிரம் அதிர்வு வரை இருந்தால் போதும். அதற்கு மேலே உள்ள இடம் முழுவதும் காலியாகக் கிடந்தது.

அந்தக் காலி இடத்தில் கம்ப்யூட்டர் செய்தியை அனுப்பினால் என்ன என்று எஞ்சினீயர்கள் யோசித்தார்கள். அதன் விளைவுதான் டி.எஸ்.எல். அமெரிக்காவில் பெல்கோர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த ஜோசப் லெக்லைடர் 1980-களில் ஒரு வழி சொன்னார். வீட்டில் உள்ளவர்கள் அனுப்புவது குறைவு, வாங்குவது அதிகம். எனவே வருகிற பாதையை அகலமாகவும், போகிற பாதையைக் குறுகலாகவும் வைத்துக்கொள்ளலாம் என்பதே அந்த வழி. அப்படிச் செய்த இணைப்புக்கு ஏ.டி.எஸ்.எல். என்று பெயர்.

1999-ல் இதற்கு உலகப் பொது விதி வகுத்தார்கள். வினாடிக்குச் சுமார் 8 மெகாபிட் வரை வரலாம். 2003-ல் புதிய விதி வந்தது. வேகம் 24 மெகாபிட் வரை உயர்ந்தது. இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டில் வீடுகளுக்கு இந்த இணைப்பை விற்கத் தொடங்கினார்கள்.

ஆனால் 24 மெகாபிட் என்பது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்கு!

அதிர்வு அதிகமாக ஆக, செம்புக் கம்பியில் அது சீக்கிரம் தேய்ந்துபோகும். டி.எஸ்.எல். நம்பியிருப்பதோ அதிக அதிர்வை. ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு நல்ல வேகம். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு இரண்டு மெகாபிட், ஒரு மெகாபிட். அதற்கும் அப்பால் அதுவும் கிடையாது.

வாய்க்காலின் தலைமடையில் தண்ணீர் கரை புரளும். கடைமடைக்கு வரும்போது கணுக்கால் நனையாது. அதே கதைதான். ஆனால் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே வாடகை கட்டினார்கள்.

கம்பியோடு கம்பி

ஒரு கம்பியில் இரண்டு மெகாபிட்தான் வருகிறது. அப்படியானால் இரண்டு கம்பியில் நான்கு வருமே! நான்கு கம்பியில் எட்டு வருமே!

இந்த எண்ணம் புதிதல்ல. டி.எஸ்.எல். வருவதற்கு முன்பே ஐ.எஸ்.டி.என். என்ற இணைப்பு இருந்தது. அதில் 64 கிலோபிட் பாதைகள் இரண்டு உண்டு. இரண்டையும் சேர்த்து 128 ஆக்கிக்கொள்வார்கள். பல பாதைகளை ஒன்றாகச் சேர்ப்பதற்கான விதியை 1990-களிலேயே எழுதிவிட்டார்கள். டி.எஸ்.எல். கம்பிகளை ஒன்று சேர்ப்பதற்கென்றே, சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2005-ல் தனியாக விதிகளை வெளியிட்டது.

இது எப்படி நடக்கிறது?

ஒரு பெரிய புத்தகத்தை வெளியூருக்கு அனுப்ப வேண்டும். ஒரு தபால்காரர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூக்குவார். எனவே புத்தகத்தின் தாள்களைத் தனித்தனியாகப் பிரித்து, பக்க எண் போட்டு, நான்கு தபால்காரர்களிடம் கொடுக்கிறோம். நான்கு பேரும் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, பக்க எண்ணைப் பார்த்து அடுக்கி, மறுபடியும் புத்தகமாகத் தைத்துவிடுகிறார்.

இணையத்தில் போகிற செய்தியும் இப்படிச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகிறது. வீட்டில் உள்ள கருவி பொட்டலங்களை நான்கு கம்பிகளுக்கும் பங்கிட்டு அனுப்பும். இணையக் கம்பெனியின் கட்டடத்தில் இருக்கும் கருவி அவற்றை வரிசைப்படுத்தி ஒன்றாக்கும். வீட்டுக்கு வரும் செய்திக்கும் இதே முறைதான். அங்கே பிரித்து, இங்கே சேர்ப்பார்கள்.

ஆகவே வீட்டில் மட்டும் கருவி வாங்கி வைத்தால் போதாது. மறுமுனையில் அடுக்கிக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் கம்பெனிகள் இங்கிலாந்தில் தோன்றின. இரண்டு, மூன்று, நான்கு கம்பிகளைச் சேர்த்துக் கொடுத்தன.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்

கடையில் ஒரு கருவி கிடைக்கும். அதில் இரண்டு இணைப்புகளைச் செருகலாம். விலையும் குறைவு. "இதுவும் அதுதானே?" என்று பலர் வாங்கிவிடுகிறார்கள்.

இல்லை. இது சேர்ப்பது அல்ல, பங்கிடுவது.

இந்தக் கருவி, அக்காளின் பாடத்தை முதல் கம்பியில் அனுப்பும். தம்பியின் பாடத்தை இரண்டாவது கம்பியில் அனுப்பும். இரண்டு பேரும் சண்டையில்லாமல் படிக்கலாம். அதற்கு இது போதும். பல குடும்பங்களுக்கு இதுவே தாராளம்.

ஆனால் ஒரே ஒரு பெரிய கோப்பை வாங்கும்போது, அது பெரும்பாலும் ஒரு கம்பி வழியாகத்தான் வரும். மற்ற கம்பி சும்மா இருக்கும். ஒரு காரியத்துக்கு இரண்டு கம்பியும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்றால், மறுமுனையில் அடுக்கிக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கணக்குப் போட்டால்

ஒரு கிகாபைட் அளவுள்ள பாடப் படம் ஒன்றை வாங்க வேண்டும். அது 8 ஆயிரம் மெகாபிட். வழிச் செலவையெல்லாம் விட்டுவிட்டுக் கணக்குப் போடலாம்.

வினாடிக்கு 2 மெகாபிட் வரும் ஒரு கம்பியில்: 1 மணி 6 நிமிடம் 40 வினாடி.

இரண்டு கம்பி சேர்த்தால்: 33 நிமிடம் 20 வினாடி.

நான்கு கம்பி சேர்த்தால்: 16 நிமிடம் 40 வினாடி.

லாபம் இருக்கிறது. சந்தேகமே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தவருக்குப் பதினேழு நிமிடத்தில் காரியம் முடிகிறது. வீட்டிலிருந்து வெளியே அனுப்புகிற வேகமும் அதேபோல் கூடும். ஏ.டி.எஸ்.எல். கம்பியில் அந்தப் பாதைதான் மிகக் குறுகல். ஆசிரியைக்கு மகளின் முகம் தெரிய வேண்டுமானால் அது கூடத்தான் வேண்டும்.

இந்த யோசனையை யாரும் பழிக்க முடியாது. ஆனால் அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

நொண்டி மாடு

முதல் குறை. இரண்டு மாட்டில் ஒன்று நொண்டி என்றால், அதன் நடைக்குத்தான் வண்டி போகும்.

ஒரு கம்பியில் 6 மெகாபிட், இன்னொன்றில் 2 மெகாபிட் வருகிறது. பொட்டலங்களை ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? நல்ல கம்பியும் மெதுவான கம்பிக்காகக் காத்திருக்கும். இரண்டும் சேர்ந்து 4 மெகாபிட்தான் வரும். ஒற்றைக் கம்பியில் வந்த 6-ம் போயிற்று! மூன்றுக்கு ஒன்று என்று திறமைக்குத் தக்கபடி பங்கிட்டால்தான் 8 வரும். அதற்கு நல்ல கருவியும், கவனமாக வேலை செய்யும் கம்பெனியும் வேண்டும்.

இரண்டாவது குறை. சேர்ப்பதால் அகலம் கூடும். தூரம் குறையாது. ஒரு பொட்டலம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். நான்கு தபால்காரர் போனாலும் ஊர் பக்கத்தில் வந்துவிடாது.

மூன்றாவது குறை. ஒரே கட்டாக வரும் கம்பிகளில் ஒன்றின் சத்தம் மற்றதில் கலக்கும். பழைய டெலிபோனில் அடுத்தவர் பேச்சு லேசாகக் காதில் விழுமே, அதுபோல. டி.எஸ்.எல். கம்பிகள் பெருகப் பெருக இந்தத் தொல்லையும் பெருகும்.

நான்காவது குறைதான் பலரும் யோசிக்காதது. "ஒரு கம்பி போனாலும் மூன்று கம்பி இருக்கிறதே" என்று தைரியமாக இருப்பார்கள். ஒரு கம்பி மட்டும் கெட்டால் அந்தத் தைரியம் சரி. ஆனால் நான்கும் வருவது ஒரே கம்பத்தில், ஒரே பள்ளத்தில். புயலில் அந்தக் கம்பம் விழுந்தால் நான்கும் சேர்ந்து விழும். பள்ளம் தோண்டும் எந்திரத்துக்கு முதல் கம்பி எது, நான்காவது கம்பி எது என்று தெரியாது.

பில் யாருக்கு?

இப்போது மாட்டுத் தீனிக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு டி.எஸ்.எல். இணைப்புக்கும் ஒரு டெலிபோன் கம்பி வேண்டியிருந்தது. ஒவ்வொரு கம்பிக்கும் மாத வாடகை. அதன் மேல் இணையக் கட்டணம். இவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனிக்குத் தனிக் கட்டணம். பேச ஒரு டெலிபோன் போதும். இருந்தாலும் நான்கு டெலிபோனுக்கு வாடகை!

ஒரு இணைப்புக்கு எல்லாம் சேர்த்து மாதம் 30 பவுன் என்று வைத்துக்கொண்டால், நான்குக்கு 120 பவுன். இவ்வளவு கொடுத்துப் பெறுவது எட்டு மெகாபிட். ஊர் நடுவில் இருப்பவர் 30 பவுனில் அதைவிட அதிகம் பெற்றுக்கொண்டிருப்பார்.

கம்பெனிக்காரர்கள் ஒரு காரணம் சொல்லலாம். "தூரத்து வீட்டுக்குக் கம்பி இழுக்க எங்களுக்கு அதிகச் செலவு. அதைக் கேட்பவர் கொடுக்கத்தானே வேண்டும்?"

இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கம்பமும் கம்பியும் இலவசமாக வருவதில்லை.

ஆனால் குடும்பம் கேட்பது கம்பியையா? இல்லை. பிள்ளை படிக்க வேண்டும். அதற்கு இணையம் வேண்டும் என்றுதான் கேட்கிறது. அதை ஒரு கம்பியில் கொடுப்பதா, நான்கு கம்பியில் கொடுப்பதா என்பது விற்பவர் பார்க்க வேண்டிய விஷயம். பால்காரர் ஒரு படி பாலை இரண்டு செம்பில் கொண்டுவந்தால், இரண்டு படிக்கா காசு கேட்பார்?

இது நடக்காத காரியமும் அல்ல. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி "யு-வெர்ஸ்" என்ற சேவையில், தூரத்து வீடுகளுக்கு இரண்டு ஜோடிக் கம்பியைச் சேர்த்துக் கொடுத்தது. வாடிக்கையாளர் வாங்கியது ஒரே இணைப்பு. அதற்கு ஒரே பில். உள்ளே எத்தனை கம்பி என்பது கம்பெனியின் கவலை.

முறை என்றால் அதுதான் முறை.

மண்வெட்டி எடுத்த கிராமங்கள்

இங்கிலாந்தின் வடபகுதியில் லங்காஷயர் என்ற மாவட்டம் இருக்கிறது. லூன் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் சின்னச் சின்னக் கிராமங்கள். ஆடு மாடு மேயும் புல்வெளிகள். வீட்டுக்கு வீடு வெகு தூரம். பெரிய கம்பெனிகளுக்கு அங்கே லாபம் தெரியவில்லை.

காத்திருந்து அலுத்துப்போன கிராமத்தார் 2011-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். "கிராமப்புற வடபகுதிக்கு அகல அலைவரிசை" என்பது அதன் பெயரின் பொருள். சுருக்கமாக "பார்ன்" என்பார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தானியக் களஞ்சியம் என்றும் பொருள் உண்டு. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் வலை வேலையில் அனுபவம் பெற்ற பாரி போர்டு திட்டம் தீட்டினார். விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் காண்டர் முன்னின்று பேசினார்.

இவர்கள் பழைய செம்புக் கம்பியோடு இன்னொரு செம்புக் கம்பியைச் சேர்க்கவில்லை. மயிரிழை போன்ற கண்ணாடி இழையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் செய்தி ஒளியாகப் போகிறது. கிராமத்துத் தூரமெல்லாம் அதற்கு ஒரு தூரமே அல்ல. ஐந்து கிலோமீட்டர் போனாலும் வேகம் குறையாது.

பணத்துக்கு என்ன செய்தார்கள்? ஊரார் பங்கு வாங்கினார்கள். பள்ளம் தோண்டக் கூலி? ஊராரே தோண்டினார்கள். சாலையைத் தோண்டினால் செலவு அதிகம். எனவே வயல் வழியாகப் போனார்கள். நிலத்துக்காரர்கள் காசு வாங்காமல் வழி விட்டார்கள். விவசாயிகள் சொந்த எந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். தோண்டியவர்களின் உழைப்புக்கு ஈடாகப் பங்கு தரவும் ஏற்பாடு இருந்தது.

முடிவு என்ன தெரியுமா? வீட்டுக்கு வினாடிக்கு ஆயிரம் மெகாபிட்! ஆரம்ப ஆண்டுகளில் மாதக் கட்டணம் 30 பவுன்.

நான்கு கம்பியில் 16 நிமிடம் 40 வினாடி ஆகும் என்று பார்த்தோமே, அதே பாடப் படம் இங்கே எட்டே வினாடியில் வந்துவிடும்.

ஊர் கூடித் தேர் இழுத்தார்கள். தேர் நிலைக்கு வந்தது.

எல்லா ஊராலும் முடியுமா?

"லங்காஷயரில் நடந்தது சரி. எல்லாக் கிராமத்திலும் இது நடக்குமா?" என்று கேட்கலாம்.

நடக்காது. விஷயம் தெரிந்த ஆள் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார். எல்லா நிலத்துக்காரர்களும் மனசு வைக்க மாட்டார்கள். வயதானவர்கள் மட்டும் இருக்கும் ஊரில் மண்வெட்டி பிடிப்பது யார்? குடிநீரும் சாலையும் போல இணையமும் அவசியம் ஆகிவிட்ட பிறகு, "நீயே தோண்டிக்கொள்" என்று சொல்வதும் முறையல்ல.

அங்கேதான் அரசாங்கத்தின் பொறுப்பு வருகிறது.

இங்கிலாந்து அரசாங்கம் இதை ஓரளவு ஒப்புக்கொண்டது. 2020 மார்ச் 20-ந் தேதி ஒரு சட்ட உரிமை நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கூடக் கதவு மூடிய அதே நாள்! யாராக இருந்தாலும் வினாடிக்கு 10 மெகாபிட் வாங்கவும், 1 மெகாபிட் அனுப்பவும் வசதி கேட்கலாம் என்பது அந்த உரிமை. செலவு 3,400 பவுன் வரை ஆனால் கேட்டவர் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் ஆனால், மிச்சத்தைக் கேட்டவர் கட்ட வேண்டும்.

உரிமை நல்ல உரிமை. ஆனால் அந்த "மிச்சம்" யாருக்கு விழும்? பக்கத்து வீட்டுக்காரருக்கு விழாது. மலைச்சரிவுப் பண்ணை வீட்டுக்குத்தான் விழும். எந்த வீட்டுக்காக உரிமை கொண்டுவந்தார்களோ, அந்த வீட்டு வாசலிலேயே உரிமை நின்றுவிடுகிறது.

2021-ல் "புராஜெக்ட் கிகாபிட்" என்ற பெயரில் 500 கோடி பவுன் திட்டம் அறிவித்தார்கள். எட்டாத இடங்களுக்கு வேகமான இணைப்புக் கொண்டுபோக வேண்டும் என்பது நோக்கம். அந்தப் பணம் கடைமடையிலிருந்து தொடங்கிச் செலவானால்தான் நோக்கம் நிறைவேறும்.

பழைய கதை, புதிய வேஷம்

செம்புக் கம்பியின் காலம் முடிந்து வருகிறது. இங்கிலாந்தில் பழைய டெலிபோன் முறையை 2025 டிசம்பரில் மூடுவதாக முதலில் திட்டமிட்டார்கள். முதியவர்களும் நோயாளிகளும் அவசர உதவிக்கு அதை நம்பியிருந்தார்கள். அவர்களின் பாதுகாப்பைக் கருதி, கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்ததாக 2024-ல் அறிவித்தார்கள்.

"அப்படியானால் கம்பி சேர்க்கும் கதையும் முடிந்துவிடுமே?" என்று நினைக்க வேண்டாம். வேஷம்தான் மாறும்.

ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாம் கம்பெனி 2015-ல் டி.எஸ்.எல். கம்பியையும் கைப்பேசிக் கோபுரத்தையும் ஒரே கருவியில் சேர்த்துக் கொடுத்தது. கம்பி போதாவிட்டால் காற்று வழியாக மிச்சம் வரும். இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. இரண்டும் வெவ்வேறு வழி. கம்பம் விழுந்தால் கோபுரம் காப்பாற்றும். அதை ஒரே சேவையாக, ஒரே கம்பெனி கொடுத்தது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் பல இடங்களில் அந்தச் சேர்க்கையைக் குடும்பமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கம்பிக்கு ஒரு பில். கைப்பேசிக்கு ஒரு பில். செயற்கைக்கோளுக்கு இன்னொரு பில். தேவை ஒன்று, பில் மூன்று. இரண்டாவது மாட்டின் தீனி இன்னும் அதே தலையில்தான்.

செய்ய வேண்டியது என்ன?

கண்ணாடி இழை வரும்வரை, கம்பிகளைச் சேர்த்துத்தான் காலம் தள்ள வேண்டும் என்ற வீடுகள் இருக்கின்றன. அவர்களைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்வது கொடுமை. கால் சரியாகும்வரை கைத்தடி வேண்டும். அவர்கள் பணம் கட்டும் முன் மூன்றைக் கேட்கட்டும். மறுமுனையில் சேர்த்துக் கொடுப்பது யார்? ஒரு கம்பி மெதுவாக இருந்தால் பங்கு எப்படிப் போகும்? எல்லாக் கம்பியும் ஒரே கம்பத்தில் வருகின்றனவா?

ஊரார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு தெருவில் பத்து வீடு தனித்தனியே இரண்டு இரண்டு கம்பி வாங்கினால், அது இருபது வாடகை. அந்தப் பத்து வீடும் ஒரு நாள் மாலை உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும். ஆண்டுக்கு எவ்வளவு போகிறது, அந்தப் பணத்தில் ஒரு நல்ல இணைப்பை ஊருக்குள் கொண்டுவர முடியுமா என்று கேட்கட்டும். லூன் பள்ளத்தாக்கில் பிரமாதமான மாயம் எதுவும் நடக்கவில்லை. முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்.

கம்பெனிகள் செய்ய வேண்டியது, வேகத்துக்கு விலை வாங்குவது. கம்பிக்கு வாங்கக் கூடாது. ஒரு கம்பியில் கொடுக்க முடியாததை இரண்டு கம்பியில் கொடுக்கட்டும். தவறில்லை. பில் ஒன்றாக இருக்க வேண்டும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது, இதைச் சட்டம் ஆக்குவது. தூரத்து வீட்டின் அதிகச் செலவை அந்த ஒரு வீட்டின் தலையில் கட்டாமல், எல்லாருக்குமாகப் பகிர்வது. தபாலில் அப்படித்தானே நடக்கிறது? உள்ளூரில் ஒரே எடையுள்ள கடிதத்துக்கு ஒரே தபால்தலைதான். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும், மலை உச்சிக்குப் போனாலும் விலை மாறுவதில்லை. இங்கிலாந்து அந்த முறையை 1840-லேயே உலகத்துக்குக் காட்டியது. கடிதத்துக்குச் செய்த நியாயத்தை இணையத்துக்கும் செய்வதில் என்ன தடை?

மலைச்சரிவு வீட்டில் அக்காளும் தம்பியும் ஒரே நேரத்தில் பாடம் படிக்க வேண்டும். அப்பா அதே நேரத்தில் கன்றுக்குட்டியைப் பதிய வேண்டும். அம்மாவுக்கு வந்த ஆர்டர் தவறாமல் கிடைக்க வேண்டும். இவ்வளவுதான் அந்தக் குடும்பம் கேட்பது.

எத்தனை மாடு பூட்ட வேண்டுமோ, வண்டிக்காரர் பூட்டிக்கொள்ளட்டும். ஏறியவர் ஒரு கூலிதான் கொடுப்பார்.